தேய்ந்த பெடல் ரப்பர்: பார்ப்பது எப்படி, மாற்றுவது எப்படி?

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

பிரேக், கிளச் பெடல்களின் மேல் மாட்டியிருக்கும் ரப்பரைப் பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருந்தன. அவற்றை ஒரே இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

பாளையங்கோட்டை வாசகர்: என் காருக்கு ஒன்பது வயது. கிளச் பெடல் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "ஓடுத வரைக்கும் ஓடட்டும் அண்ணாச்சி, கழண்டு விழும்போது பாத்துக்கிடலாம்" என்கிறார்கள். அதுவரை விடலாமா?

விடக்கூடாது. தளர்ந்துபோன ரப்பர் கார் வீட்டு வாசலில் நிற்கும்போது விழாது. நீங்கள் ஓங்கி மிதிக்கும்போதுதான் விழும். பிரேக்கை மிதிக்கையில் கால் நேராக முன்னால் மட்டும் அழுத்துவதில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை ஆக்சிலேட்டரிலிருந்து இடப்பக்கம் திருப்பி மிதிக்கிறோம். அதனால் பக்கவாட்டிலும் ஒரு தள்ளு விழுகிறது. அந்தத் தள்ளைத் தாங்குவதற்குத்தான் ரப்பரில் வரிகளும் புள்ளிகளும் வைத்திருக்கிறார்கள். அவை தேய்ந்துவிட்டால், காய்ந்த செருப்போடு மெதுவாகப் போகும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. ஈரக் காலும் அவசர பிரேக்கும் ஒன்றாக வரும் நாளில் தெரியும்.

பார்ப்பதற்குக் கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, தரையில் உட்கார்ந்து டார்ச் அடியுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி குனிந்து பார்த்தால் பெடலின் மேல்விளிம்பு மட்டுமே தெரியும். தேய்மானம் அங்கே இருக்காது. பிரேக் ரப்பர் பெரும்பாலும் வலது ஓரத்திலும் கீழ் மூலையிலும் தேயும், கால் வந்து இறங்கும் பக்கம் அதுதான். கிளச் ரப்பர் ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்து இடது ஓரத்திலோ நடுவிலோ தேயும். நெல்லையில் வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கத்து நெரிசலில் தினமும் போகிற வண்டியில் பிரேக்கைவிடக் கிளச் முதலில் போவதும் சகஜம்.

கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல் கையாலும் பாருங்கள். நகத்தால் குறுக்கே கீறினால் ஒவ்வொரு வரியிலும் நகம் மாட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு போகிற இடம் தேய்ந்த இடம். பிறகு ரப்பரை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள், அசையவே கூடாது. கடைசியாகப் பெடலின் பின்பக்கம் விரலை ஓட்டுங்கள். ரப்பரின் உதடு நான்கு ஓரத்திலும் இரும்புத் தகட்டை மடித்துப் பிடித்திருக்க வேண்டும். முன்பக்கம் நன்றாக இருந்தும் பின்னால் உதடு கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இரும்பு வெளியே தெரிந்துவிட்டாலோ, வளைத்துப் பார்த்தால் வெடிப்பு விட்டாலோ யோசிக்க ஒன்றுமில்லை.

பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், பிரேக் பெடலின் வழுக்காத மேற்பரப்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ அந்த வண்டி தேறாது. அந்த அளவுக்குக் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் சொந்தக்காரரின் கால் அதற்குப் பழகிவிடும். ஒரு நாளைக்கு வண்டியை வாங்கிப் போகும் மச்சானுக்கோ மகனுக்கோதான் கால் வழுக்கும்.

திசையன்விளை வாசகர்: என் காரில் பெடல் ரப்பர் இரண்டு வருஷம்கூடத் தாங்குவதில்லை. அதே மாடல் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஏழு வருஷமாக மாற்றவே இல்லை என்கிறார். ரப்பரில் குறையா?

உங்கள் ஊர் மண்தான் முதல் காரணம். தேரி எனப்படும் உங்கள் பக்கத்துச் செம்மணலின் உள்ளே இருப்பது குவார்ட்ஸ் என்கிற கனிமம். அதன் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் செந்நிறம். குவார்ட்ஸ் ரப்பரைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் மணல் ஒவ்வொரு மிதிக்கும் உப்புத்தாள் போல ரப்பரைத் தேய்க்கிறது. ஏறுவதற்கு முன் இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டுச் செருப்புகளை ஒன்றோடொன்று தட்டிவிட்டு உள்ளே எடுங்கள். வாரம் ஒருமுறை கால்மிதி மேட்டை வெளியே எடுத்து உதறுங்கள். இவ்வளவு செய்தாலே ஆயுள் கூடும்.

இரண்டாவது, கழுவும் முறை. பெடலில் அழுக்கு ஏறினால் மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். உடனே பளிச்சென்று ஆகும், ஆனால் இயற்கை ரப்பரும் எஸ்.பி.ஆர். என்கிற செயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய ரப்பர் மிருதுவாகி, வரிகள் சீக்கிரம் உதிரும். உதடு விரிந்து பிடிப்பும் போகும். தேங்காய் எண்ணெயும் கூடாது. டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷைப் பெடலில் தொடவே விடாதீர்கள். வாட்டர் வாஷ் கொடுக்கும் இடத்தில் உள்ளே எல்லாவற்றையும் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று பெடலுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். வண்டியைக் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார் ஷாம்பு கலந்த தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், காய்ந்த துணி போதும்.

உவரிக் கடற்காற்றில் உப்பு உண்டு. அது ரப்பரை அதிகம் பாதிக்காது, ரப்பருக்கு அடியிலுள்ள தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பொருக்குவிட்டு உப்பும்போது ரப்பரை உள்ளிருந்து கிழிக்கும். அதனால் புதுசு மாட்டும்போது தகட்டைச் சுத்தம் செய்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதன் விவரம் அடுத்த பதிலில் இருக்கிறது.

அம்பாசமுத்திரம் வாசகி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். காரை நான்தான் ஓட்டுகிறேன். பெடல் ரப்பரை நானே மாற்ற முடியுமா? என்னென்ன வேண்டும்?

தாராளமாக மாற்றலாம். கிளச், பிரேக் இரண்டுக்கும் சேர்த்து வேலைக்கு ஒரு மணி நேரம், மாட்டிய பிறகு காய ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் துரு இருந்தால்தான் இன்னொரு நாள் பிடிக்கும்.

முதலில் ரப்பர் வாங்குவது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். ஒரே பெயரில் ஓடும் காரிலும் வருஷத்துக்கு வருஷம் பெடல் வடிவம் மாறியிருக்கலாம்; மாடல் பெயரை மட்டும் சொன்னால் தப்பான அளவு வரும். கியர் போட்டு ஓட்டும் பல கார்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ரப்பர்தான். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக் பெடல் அகலம், அதற்குத் தனி ரப்பர். பெரும்பாலான சிறிய கார்களுக்கு ஜோடி சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இரண்டு காலுக்கும் இரண்டு விதமான பிடிப்பு இருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் காராக இருந்தால் சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள். பிரேக்கையோ கிளச்சையோ அழுத்திக்கொண்டிருக்கும்போது முழங்கை பட்டனில் பட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். இன்ஜின் அணைந்த பிறகு பிரேக்கை நான்கைந்து தடவை மிதியுங்கள். பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாக இறுகும். ரப்பரைத் தள்ளும்போது பெடல் கூடவே உள்ளே போகாமல் இருக்க இது உதவும்.

பழைய ரப்பரை எடுக்குமுன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலவற்றில் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் தகட்டின் ஓட்டைக்குள் நுழைந்திருக்கும். சிலவற்றைச் சுற்றி மெல்லிய அலங்காரச் சட்டம் இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு மூலையில் விரலை நுழைத்து உதட்டை வெளியே மடித்து, அப்படியே சுற்றி உரித்துவிடலாம். கல்லாகிப்போன ரப்பரானால் பின்பக்க உதட்டைக் கத்தியால் வெட்டுங்கள். கத்தி உங்கள் கையை நோக்கி வரக் கூடாது.

இப்போது தகடு தெரியும். பெரும்பாலோர் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் வேலை இங்கேதான் இருக்கிறது. துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, 120 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தகட்டின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் அரத்தால் மழுக்குங்கள். அந்தப் பிசிறுதான் புது ரப்பரின் உதட்டை உள்ளிருந்து அறுக்கும். துரு ஆழமாக இருந்தால் மெட்டல் பிரைமர் ஒரு கை மட்டும் மெல்லிசாக அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். அன்று வண்டியை எடுக்க வேண்டாம். கனமாக அடித்தால் ரப்பர் ஏறாது.

புது ரப்பரைக் கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பானட் மேல் கால் மணி நேரம் வைத்தாலே போதும். உள்பக்க உதட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், எண்ணெய், சிலிக்கான் ஸ்பிரே எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் காய்ந்ததும் பிடிப்பு வந்துவிடும், மற்றவை காயவே காயாது. மேல் எது, கீழ் எது என்று பழையதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க உதட்டைத் தகட்டில் முழுசாக மாட்டி, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடி எதிர்ப் பக்கத்தை இழுத்து ஏற்றுங்கள். கடைசி மூலை அடம் பிடிக்கும். அதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கூர்முனை உதட்டைக் கிழித்துவிடும். எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை உள்ளே விட்டு உதட்டை வெளியே நெம்பினால் 'டப்'பென்று போய் உட்காரும்.

அதோடு முடியவில்லை. பின்னால் விரலை விட்டு நான்கு ஓரத்தையும் தடவுங்கள். முன்னாலிருந்து பார்க்கச் சரியாகத் தெரியும், பின்னால் ஒரு மூலை மடங்கி உள்ளே கிடக்கும். இப்படி மாட்டியதுதான் ஒரு வாரத்தில் கழன்று வரும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் காயவிட்டு, இன்ஜின் ஓடாமலே பெடலின் வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் வேண்டுமென்றே சாய்வாக மிதித்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் தெருவில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் பிடியுங்கள். பெடலை விட்டதும் பின்னால் பிரேக் லைட் அணைகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை திருகிப் பாருங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை மாதிரி மலைப்பாதைக்குப் போவதாக இருந்தால் அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் போங்கள்.

வள்ளியூர் வாசகர்: புது ரப்பர் போட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பசை போட்டு ஒட்டிவிடலாமா?

வேண்டாம். சுற்றுகிறது என்றால் ஒன்று அளவு பெரிது, அல்லது மாட்டும்போது எண்ணெயோ சிலிக்கானோ போட்டிருக்கிறார்கள். கழற்றி, சோப்பால் இரண்டையும் கழுவி, நன்றாகக் காயவைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் அளவு தப்பு. டூப்ளிகேட் ரப்பர்களில் உதடு ஆழமில்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கும்; பழைய ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து உதட்டின் அகலத்தை ஒப்பிட்டால் புரிந்துவிடும். பசை ஓர் இடத்தில் பிடித்து இன்னோர் இடத்தில் விட்டுவிடும், பிறகு ரப்பர் பாதி தூக்கிக்கொண்டு செருப்பைக் கொக்கி போடும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது, கம்பி கட்டுவது இரண்டும் அதைவிட மோசம்.

மேலப்பாளையம் வாசகர்: அலுமினியத்தில் ஸ்போர்ட்ஸ் பெடல் கவர் ஆன்லைனில் கிடைக்கிறது. ரப்பருக்குப் பதில் அதைப் போடலாமா?

எங்கள் கருத்து வேண்டாம் என்பதுதான். கம்பெனியே அலுமினியப் பெடல் போட்டுத் தரும் கார்களில் அது அந்தப் பெடலுக்கென்றே செய்தது, நடுவில் ரப்பர் புள்ளிகளும் இருக்கும். வெளியில் விற்கும் கவர், பெடலின் பின்னால் கிளிப்பும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்குவது. அதிர்வில் ஸ்க்ரூ தளரும். கவர் பெடலைவிட அகலமாக இருந்தால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே இடைவெளி குறைந்து, ஒரே மிதியில் இரண்டும் அழுந்தும். பிளாஸ்டிக் ஆக்சிலேட்டரில் ஓட்டை போட்டு மாட்டச் சொல்லும் கவர்களைத் தொடவே தொடாதீர்கள்.

தென்காசி வாசகர்: கார்த்திகையில் மாலை போட்டால் வெறுங்காலோடுதான் வண்டி ஓட்டுகிறேன். சாரல் சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரக்காலோடும் ஓட்டுவது உண்டு. பெடல் ரப்பர் இதற்குத் தாங்குமா?

நல்ல வரி உள்ள ரப்பரில் காய்ந்த வெறுங்கால் பிடிக்கும். ஈரமோ எண்ணெயோ பட்டால்தான் சிக்கல். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் அதிகம். உள்ளங்காலில் ஒட்டிய எண்ணெய் அருவியில் முழுதாகப் போகாது. ஏறுமுன் உள்ளங்காலைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், பெடலையும் ஒரு துடை துடையுங்கள். ஈரம் சொட்டும் ரப்பர் செருப்போடு ஓட்டுவதைவிடத் துடைத்த வெறுங்கால் எவ்வளவோ மேல். அந்தச் செருப்பைக் கழற்றினால் சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது முன்னால் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்.

மாலை போடுபவர்கள் மாலை போடுவதற்கு முன் ரப்பரைப் பார்த்துவிடுங்கள். புளியரை மலைப்பாதையில் ஆரியங்காவு நோக்கிப் போகும்போது, இரும்பு தெரியும் பெடலை வியர்த்த வெறுங்காலால் மிதிப்பது பெரிய ஆபத்து.

ராதாபுரம் வாசகர்: மழைக்காலத்தில் கம்பெனி மேட்டுக்கு மேலே இன்னொரு ரப்பர் மேட் போட்டிருக்கிறேன். பெடலுக்குப் பாதிப்பு உண்டா?

உடனே எடுத்துவிடுங்கள். 2009-ல் அமெரிக்காவில் தரைவிரிப்பு ஆக்சிலேட்டரில் சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்காக டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விட்டது. ஓட்டுநர் பக்கம் ஒரே மேட்தான், அதுவும் தரையில் உள்ள கொக்கியில் மாட்டியதாக இருக்க வேண்டும். மூன்று பெடலையும் கையால் கடைசி வரை அழுத்திப் பாருங்கள். எதுவும் மேட்டில் இடிக்கக் கூடாது.

நாங்குநேரி வாசகர்: பழைய கார் வாங்கப் போகிறேன். மீட்டரில் 35,000 கி.மீ. காட்டுகிறது. பெடலைப் பார்த்து மீட்டர் நிஜமா என்று சொல்லலாமா?

சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. 35,000-ல் கிளச் ரப்பர் வழவழத்து, ஸ்டியரிங் தோலும் பளபளத்து, ஓட்டுநர் சீட்டின் ஏறும் பக்கம் அமுங்கியிருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரு கதை சொல்கின்றன. ஆனால் தேரிக்காட்டில் ஓடிய வண்டியில் மீட்டர் சரியாக இருந்தும் ரப்பர் தேய்ந்திருக்கும். நேர்மாறாக, பழைய காரில் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்த டயர். நான்கு டயரும் காரைவிட மூன்று நான்கு வருஷம் இளசாக இருந்து மீட்டர் 35,000 காட்டினால் சர்வீஸ் பில்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணகுடி வாசகர்: டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

வாரம் ஒருமுறை. பழகுகிறவர்கள் பெடலின் ஓரத்தை மிதிப்பார்கள், பாதி கிளச்சில் காலை வைத்தே இருப்பார்கள். உங்கள் பக்கத்து இரட்டைப் பெடலையும் மறக்காமல் பாருங்கள். அபூர்வமாக மிதிப்பதால் தேயாது, ஆனால் ரப்பர் வயசாகி இறுகிப்போயிருக்கும்.

சேரன்மகாதேவி வாசகர்: கிளச் ரப்பர் எப்போதும் பிசுபிசு என்று ஈரமாக இருக்கிறது. துடைத்தாலும் மறுநாள் அதே கதை.

இது ரப்பர் விஷயமில்லை. பெடல் கம்பியை மேலே வரை விரலால் தடவிப் பாருங்கள். மேலிருந்து ஈரம் வழிந்திருந்தால், ஹைட்ராலிக் கிளச் உள்ள காரில் கிளச் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய் ஆயில் கசிகிறது. பானட்டைத் திறந்து கிளச் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறதா பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பாதான், அங்கே குறைந்தால் பிரேக்கையும் பாதிக்கலாம். அந்த ஆயில் பெயிண்டை அரிக்கும், கையில் பட்டால் கழுவிவிடுங்கள். கசிவைச் சரிசெய்த பிறகு புது ரப்பர் போடுங்கள். கேபிள் கிளச் என்றால் கேபிளுக்குப் போட்ட எண்ணெய் வழிந்திருக்கலாம்.

களக்காடு வாசகர்: ரப்பர் தனியாக வராது, பெடல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். நிஜமா?

பிரேக், கிளச்சுக்கு அநேகமாக ரப்பர் தனியாகவே வரும். கவுண்டரில் "பெடல்" என்று கேட்காமல் "பெடல் பேடு" என்று கேளுங்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டர் மட்டும் விதிவிலக்கு. இப்போது வரும் கார்களில் அது பிளாஸ்டிக்கும் சென்சாரும் சேர்ந்த ஒரே துண்டு, தனி ரப்பர் கிடையாது. அதன் வரி தேய்ந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் பிரேக், கிளச் போல அது சீக்கிரம் தேய்வதில்லை.